செங்ஹெனித், 1913: யாருக்கும் தெரியாமல் நடந்ததா?

9 அக்டோபர்

வாசகர் ஒருவர் கேட்டது: "நிலக்கரிச் சுரங்கத்தில் மீத்தேன் வெடிப்பதெல்லாம் புயல், பூகம்பம் மாதிரிதானே? வேல்ஸ் நாட்டில் 1913-ல் ஒரே சுரங்கத்தில் 439 பேர் செத்ததாகப் படித்தேன். நூறு வருஷத்துக்கு முன்னால் யாருக்கு என்ன தெரிந்திருக்கும்? இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு முதலாளியைத் திட்டுவது சுலபம்."

9 அக்டோபர், இரவு

நான் ஜார்க்கண்டில் ஜரியா பக்கம் நிலத்தடிச் சுரங்கங்களில் காற்றோட்டப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. தெரிந்திருந்தது, ஐயா. எல்லாம் தெரிந்திருந்தது. எழுதியும் வைத்திருந்தார்கள். சட்டமாகவும் போட்டிருந்தார்கள். நீங்கள் சொல்லும் அந்தச் சுரங்கத்திலேயே 12 வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி வெடித்து 81 பேர் செத்திருந்தார்கள். மீதியை நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

10 அக்டோபர்

முதலில் இடம். தெற்கு வேல்ஸில் கார்ஃபிலி ஊருக்கு மேலே ஆபர் பள்ளத்தாக்கு, அதன் முனையில் செங்ஹெனித். 1891-ல் சுரங்கம் தோண்ட ஆரம்பித்தார்கள், 1896-ல் கரி வந்தது. யூனிவர்சல் கொல்லியரி என்று பெயர். லங்காஸ்டர், யார்க் என்று இரண்டு குழிகள், இரண்டும் சுமார் 600 மீட்டர் ஆழம். கிடைத்த கரி உயர்ரக நீராவிக் கரி, புகை குறைவு, சூடு அதிகம். பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் இந்தக் கரியில்தான் ஓடின. 1913 என்பது தெற்கு வேல்ஸ் கரியின் உச்ச வருஷம், அந்த ஒரு வருஷத்தில் மட்டும் 5 கோடியே 60 லட்சம் டன்னுக்கு மேல் வெட்டினார்கள். அவசரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இது ஒன்றே போதும்.

அந்தச் சுரங்கம் வாயு அதிகம் கசியும் சுரங்கம், சூடானது, காய்ந்தது. காய்ந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், அதற்குத் திரும்ப வருவேன்.

1901 மே 24, விடியற்காலை 5 மணி வாக்கில் முதல் வெடிப்பு. இரவு ஷிப்ட் ஆட்களில் பெரும்பாலோர் மேலே வந்துவிட்டிருந்ததால் கீழே இருந்தவர்கள் குறைவு. 81 பேர் செத்தார்கள். உயிரோடு கிடைத்தவர் ஒரே ஒருவர், குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆள், செத்துப்போன குதிரைக்குப் பக்கத்தில் கிடந்தாராம். வில்லியம் காலவே என்ற சுரங்கப் பொறியாளர் விசாரித்து அந்த ஜூலையிலேயே அறிக்கை கொடுத்தார். உள்ளே கரித்தூசி அளவுக்கு மீறி இருந்தது, அதுதான் வெடிப்பைப் பெரிதாக்கி உள்பகுதிகளுக்குக் கொண்டுபோனது என்று அதில் இருக்கிறது. 1901-ல் எழுதியது இது. அன்றைக்கு மேனேஜர் எட்வர்ட் ஷா. 1913-லும் அதே எட்வர்ட் ஷாதான்.

10 அக்டோபர், கொஞ்ச நேரம் கழித்து

"தூசி எப்படி வெடிக்கும், வாயுதானே வெடிக்கும்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, இங்கேதான் பாதிப் பேர் குழம்புவார்கள்.

மீத்தேனுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. காற்றைவிட லேசானது, அதனால் கூரைக் குழிவுகளில் போய்த் தங்கும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். 5-க்குக் கீழே வெடிக்காது, 15-க்கு மேலே போனால் ஆக்சிஜன் பற்றாது. ஒன்பது, ஒன்பதரை வாக்கில்தான் மிக மோசம். ஆனால் ஒரு மூலையில் தேங்கிய வாயு வெடித்தால் அந்த மூலையோடு முடிந்துவிட வேண்டும், இல்லையா? பத்துப் பேர், இருபது பேர். நானூறு பேர் எப்படிச் செத்தார்கள்?

தூசிதான் காரணம். சுரங்கம் காய்ந்தது என்றேனே, அது இதற்குத்தான், காய்ந்த தூசிதான் லேசாகக் கிளம்பும். விறகுக் கட்டை நின்று எரியும், அதையே தூளாக்கிக் காற்றில் வீசிப் பற்றவைத்தால் குப்பென்று பிடிக்கும். கரியும் அப்படித்தான். முதலில் வெடித்த வாயுவின் அதிர்வு அலை தீயைவிட வேகமாக முன்னே ஓடுகிறது. போகிற வழியில் சுவரிலும் கூரையிலும் மரச் சட்டங்களின் மேலும் படிந்திருக்கும் தூசியை உதறிக் கிளப்புகிறது. பின்னால் வரும் தீ அதைப் பிடிக்கிறது. அது இன்னொரு அலையை முன்னே தள்ளுகிறது. தூசி இருக்கும் வரைக்கும் இது நிற்காது, கிலோமீட்டர் கணக்கில் ஓடும். ஒரு தாள் கனத்துக்குத் தூசி படிந்திருந்தாலே போதும்.

இந்தத் தூசி விஷயம் 1913-க்கு எவ்வளவு முன்னால் தெரியும் என்று நினைக்கிறீர்கள்? 1844-ல் டர்ஹம் பகுதியில் ஹாஸ்வெல் சுரங்கம் வெடித்து 95 பேர் செத்தபோது அரசாங்கம் விசாரணைக்கு அனுப்பியது மைக்கேல் ஃபாரடேயையும் புவியியலாளர் சார்லஸ் லயலையும். ஆமாம், பள்ளிக்கூடப் பாடத்தில் வருகிற அதே ஃபாரடே. அவர்கள் கரித்தூசியும் எரிந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். 69 வருஷம் முன்பு! (ஃபாரடே அங்கே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, வெடிமருந்தை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டாராம். நீங்கள் உட்கார்ந்திருக்கும் மூட்டைதான் என்றார்களாம். இந்தக் கதையை எங்கள் பயிற்சி வகுப்பில் சொல்லிச் சிரிப்பார்கள்.)

11 அக்டோபர்

பிரெஞ்சு நாட்டுக் கூரியேர் சுரங்கத்தை மறக்காதீர்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். மறக்கவில்லை. 1906 மார்ச் 10, 1,099 பேர். ஐரோப்பாவில் அதைவிடப் பெரிய சுரங்கச் சாவு இல்லை. 20 நாள் கழித்து 13 பேர் தாங்களாகவே இருட்டில் வழி தேடி நடந்து வந்தார்கள், அதற்குள் தேடுவதையே நிறுத்தியிருந்தார்கள். அங்கே தீயைக் கொண்டுபோனதும் தூசிதான். ஐரோப்பா முழுக்கத் தூசியைப் பற்றிப் பேச வைத்தது அந்த வெடிப்பு. 1908-லேயே இங்கிலாந்தின் ஆல்டாஃப்ட்ஸ் சுரங்கத்தில் கார்ஃபர்த் என்பவர் தலைமையில் ஒரு பெரிய இரும்புக் குழாயை வைத்து உண்மையாகவே தூசியை வெடிக்கவிட்டுப் பார்த்தார்கள். எரியாத கல்பொடி தூவினால் தீ நின்றுவிடுகிறது என்று கண்ணால் பார்த்தார்கள். செங்ஹெனித்துக்கு ஐந்து வருஷம் முன்பு.

11 அக்டோபர், இரவு

இன்றைக்கு அந்த நாளையே எழுதிவிடுகிறேன்.

1913 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. காலை 6 மணி ஷிப்டுக்குச் சுமார் 950 பேர் இறங்கினார்கள். அதற்கு முன் ஃபயர்மேன்கள் உள்ளே போய் வாயு பார்த்துவிட்டு வந்தார்கள். நம்மூர் நிலத்தடியில் சர்தார் என்ற மேற்பார்வையாளர் செய்யும் வேலை அது. மேற்குப் பகுதியில் மாஃபெக்கிங் என்று ஒரு வட்டம், அங்கே வாயு இருப்பது தெரிந்தது. (அந்தப் பக்கத்து வட்டங்களுக்கு மாஃபெக்கிங், லேடிஸ்மித், கிம்பர்லி, பிரிட்டோரியா என்று பெயர். போயர் யுத்தத்துச் செய்தித்தாளைப் பார்த்து வைத்த பெயர்கள்.)

8 மணி தாண்டிச் சில நிமிஷம். மேற்குப் பகுதியில் வெடித்தது. அந்த அலை லங்காஸ்டர் குழி வழியாக மேலே வரைக்கும் வந்து தூக்கி மேடையை உடைத்து, மேலே வேலை பார்த்த ஆளைக் கொன்றது. 600 மீட்டர் ஆழத்தில் நடந்த வெடிப்பு தரைமேல் நின்ற மனிதனைக் கொல்கிறது என்றால் உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஷா அப்போது மேலே இருந்தார். உடனே ஓவர்மேன் என்ற மேற்பார்வையாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு யார்க் குழி வழியாக இறங்கினார். கிழக்குப் பக்கத்து ஆட்கள் சுமார் 450 பேர் உயிரோடு இருந்தார்கள், அவர்கள் மேலே வந்துவிட்டார்கள். மேற்குப் பக்கம் போகப் பார்த்தால் பாதையே எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர்க் குழாய்கள் உடைந்து கிடந்தன, அணைக்கத் தண்ணீர் இல்லை. நள்ளிரவு கடந்து 18 பேர் உயிரோடு கிடைத்தார்கள். அதற்கப்புறம் யாரும் இல்லை. உடல்களை எடுக்க வாரக்கணக்கில் ஆனது. மீட்க இறங்கியவர்களில் ஒருவரும் பாறை சரிந்து இறந்துபோனார், அதனால்தான் சில இடங்களில் 439 என்றும் சில இடங்களில் 440 என்றும் பார்ப்பீர்கள். இரண்டும் சரி.

செத்தவர்களில் 60 பேருக்கு 20 வயதுகூட ஆகவில்லை. எட்டுப் பேருக்கு வயது 14. 542 குழந்தைகள் அப்பாவை இழந்தார்கள். 12 வீடுகளில் அப்பாவும் மகனும் ஒன்றாகப் போனார்கள். ஒரு வீட்டில் அப்பாவும் அண்ணனும் போய், 18 வயதுப் பெண் ஒருத்தி ஆறு தம்பி தங்கைகளைத் தனியாக வளர்க்க நேர்ந்தது. இன்னொரு பெண்ணுக்குக் கணவன், இரண்டு மகன்கள், சகோதரன், வீட்டில் வாடகைக்கு இருந்தவர் என்று ஒரே காலையில் ஐந்து பேர் இல்லை. சனிக்கிழமை 11 இறுதிச் சடங்குகள், வழிநெடுக ஒன்றரை லட்சம் பேர் நின்றார்கள்.

12 அக்டோபர்

"எல்லாரும் தீயிலா செத்தார்கள்?"

இல்லை. வெடித்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் தீயிலும் அதிர்விலும். தள்ளி இருந்தவர்களைக் கொன்றது அதற்குப் பின்னால் வரும் காற்று. சுரங்கத்தில் அதை ஆஃப்டர்டாம்ப் என்போம். ஆக்சிஜன் குறைந்து, கார்பன் மோனாக்சைடு நிறைந்த காற்று. இரத்தத்தில் ஆக்சிஜனைத் தூக்கிக்கொண்டு போகிற ஹீமோகுளோபின், ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல் ஆசையாகக் கார்பன் மோனாக்சைடைப் பிடித்துக்கொள்ளும். அதற்கும் வாசனை கிடையாது. கால் தள்ளாடும், உட்காரத் தோன்றும், உட்கார்ந்தால் அவ்வளவுதான்.

இதுவும் தெரியாத விஷயம் இல்லை. 1896-ல் பக்கத்து ரோண்டா பள்ளத்தாக்கில் டைலர்ஸ்டவுன் சுரங்கம் வெடித்து 57 பேர் செத்தபோது ஜே. எஸ். ஹால்டேன் என்ற மருத்துவ விஞ்ஞானி நேரில் போய் உடல்களைப் பார்த்து, பெரும்பாலோர் செத்தது கார்பன் மோனாக்சைடால் என்று அந்த வருஷமே அறிக்கை எழுதினார். சின்ன உயிர்களுக்கு மனிதனைவிட முன்னால் மயக்கம் வரும், கொண்டுபோங்கள் என்று சொன்னவரும் அவர்தான். கானரி குருவிக் கதை அங்கிருந்து வந்தது.

ஆக, வெடித்த பிறகு கீழே உயிரோடு இருப்பவன் பிழைப்பானா மாட்டானா என்பது காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதில் இருக்கிறது. சட்டம் அதைத்தான் சொன்னது. 1911 நிலக்கரிச் சுரங்கச் சட்டம்: 1913 ஜனவரி 1-க்குள் ஒவ்வொரு சுரங்கத்திலும் உள்ளே காற்றை ஓட்டும் பெரிய விசிறியின் காற்றோட்டத்தைத் தலைகீழாகத் திருப்ப வசதி இருக்க வேண்டும். செங்ஹெனித்தில் ஜனவரியில் அது இல்லை. அவகாசம் கேட்டார்கள், செப்டம்பர் முடிவு வரை கொடுத்தார்கள். செப்டம்பரும் முடிந்தது, வசதி வரவில்லை. இரண்டு வாரத்தில் சுரங்கம் வெடித்தது.

12 அக்டோபர், மாலை

மேலே எழுதியதற்கு ஒன்று சேர்க்க வேண்டும். காற்றைத் திருப்பியிருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. திருப்புவது ஆபத்தான வேலை. புதுக் காற்று வரும் பாதையில் தீ பிடித்தால் புகை நேரே ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போகும், அப்போது திருப்பினால் நல்லது. ஆனால் உள்ளே எங்கேயோ வாயு தேங்கியிருந்தால், திருப்பும்போது அதையே தீயின் மேல் கொண்டுவந்து சேர்க்கவும் கூடும். கீழே என்ன நடக்கிறது என்று தெரியாமல் மேலே நிற்பவன் ஐந்து நிமிஷத்தில் முடிவெடுக்க வேண்டிய விஷயம். அனுபவமுள்ள மேனேஜர்களே இதில் ஒருவரோடு ஒருவர் சண்டை போடுவார்கள்.

என் வருத்தம் வேறு. செங்ஹெனித்தில் அந்த முடிவை எடுக்கவே வழியில்லை. திருப்பலாமா வேண்டாமா என்று யோசிக்கும் உரிமையையே கம்பெனி கீழே இருந்தவர்களிடமிருந்து பறித்துவிட்டது.

13 அக்டோபர்

சரி, பற்றவைத்தது எது?

விசாரணை இதில் அறுதியான முடிவுக்கு வரவில்லை. கூரைப் பாறை சரிந்து வாயு கொட்டியிருக்கலாம், அது மின்சார சிக்னல் மணியின் பொறியில் பிடித்திருக்கலாம் என்பதுதான் பலமாகச் சொல்லப்பட்டது. அந்த சிக்னல் எப்படி என்றால், டப்பாக்களை (கரி ஏற்றும் சிறு வண்டிகளை) இழுக்கும் பாதை நெடுக இரண்டு வெற்றுக் கம்பிகள் ஓடும். உறை கிடையாது. வண்டியை நிறுத்த வேண்டுமானால் இரண்டையும் கையால் அழுத்திச் சேர்த்தால் எஞ்சின் அறையில் மணி அடிக்கும். சேரும்போதும் பிரியும்போதும் பொறி வரும். சின்னப் பொறிதான், மீத்தேனைப் பற்றவைக்காது என்று அன்றைக்கு நிபுணர்களே சிலர் சொன்னார்கள். ஆனால் 1912-ல் சில மைல் தள்ளியிருக்கும் பெட்வாஸ் சுரங்கத்தில் இப்படிப்பட்ட மணிப் பொறியால்தான் வெடித்தது என்று கண்டு, அரசு எச்சரித்தும் இருந்தது. அதற்குப் பிறகும் வாயுச் சுரங்கத்தில் வெற்றுக் கம்பி ஓடியது.

கேட்டவர் இதைப் படிக்கிறாரா? 1844, 1896, 1901, 1908, 1911, 1912. நூறு வருஷத்துக்கு முன்னால் யாருக்கு என்ன தெரியும் என்றீர்களே, இவ்வளவு தெரியும்.

14 அக்டோபர்

இன்றைக்கு அந்த நாள். அதனால் என் பக்கத்துக் கதையையும் கொஞ்சம் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு வயதான சர்தார், கயா பக்கத்து ஆள். சுடரைச் சுற்றிக் கம்பி வலை போட்ட சேஃப்டி லேம்ப்பின் திரியைச் சின்னதாக்கி, கையை மெதுவாக, ரொம்ப மெதுவாகக் கூரைக்கு உயர்த்துவார். மஞ்சள் சுடரின் தலையில் வெளிறிய நீலத்தில் ஒரு தொப்பி தெரியும். அது தெரிகிறது என்றாலே ஒன்றேகால் சதவீதம் வாயு. மின்சாரத்தை நிறுத்து, ஆட்களை வெளியே எடு. எனக்கு ஆரம்பத்தில் அந்த நீலம் தெரியவே தெரியாது. அவருக்கு உடனே தெரியும். "கண்ணைச் சுருக்காதே, கண்ணை இருட்டுக்குப் பழக்கு" என்பார். விளக்கை வேகமாக உயர்த்தினால் வாயு நிறைய இருக்கும் இடத்தில் உள்ளேயே பிடித்து விளக்கு அணைந்துவிடும், அப்புறம் இருட்டு. அவர் விளக்கை உயர்த்திய மெதுவை இன்றைக்கும் என் கை மறக்கவில்லை.

அப்புறம் வேறொரு சுரங்கத்துக்குப் போனேன், பெயர் வேண்டாம். அங்கே வாயு ரிப்போர்ட் புத்தகத்தைப் பார்க்கும் வேலை எனக்கு. ஒரு நாள் மதியம் புத்தகத்தைத் திறந்தால் இரவு ஷிப்டின் பக்கத்தில் "வாயு இல்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறது. இரவு ஷிப்ட் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. எழுதிய ஆளைக் கூப்பிட்டுக் கேட்டேன். தலை குனிந்து நின்றார். மேலே போய்ச் சொன்னேன். "புத்தகம் நிரம்பியிருக்க வேண்டும், இன்ஸ்பெக்டர் வந்தால் காட்ட வேண்டும், உங்களுக்கு என்ன பிரச்சினை" என்று கேட்டார்கள். ஆத்திரத்தில் கை நடுங்கியது எனக்கு. அந்த ஆளை எழுதச் சொன்னதே அவர்கள்தான் என்று அப்புறம் புரிந்தது. அவருக்கு மூன்று பேர் வேலை, நடந்து முடிக்க முடியாத தூரம். நடந்தால் எழுத நேரமில்லை, எழுதினால் நடக்க நேரமில்லை.

கல்பொடியும் அப்படித்தான். மூட்டை வரும். மழையில் நனைந்து கட்டியாகி மேலேயே கிடக்கும். உள்ளே கொண்டுபோனால் நடக்கும் பாதையில் தரையில் மட்டும் வெள்ளையாகத் தூவிவிட்டு வந்துவிடுவார்கள், பார்க்க நன்றாக இருக்கும். மிக மென்மையான தூசி தரையில் இருக்காது, அது மேலே போய்க் கூரை விளிம்பிலும் சட்டத்தின் முதுகிலும் படியும். அதிர்வு வந்தால் முதலில் உதிர்வது அதுதான். செங்ஹெனித் விசாரணையில் இதையேதான் சொன்னார்கள். தரையைச் சுத்தம் செய்தார்கள், கூரையையும் பக்கங்களையும் விட்டுவிட்டார்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்கு வேல்ஸ் ஞாபகம் வரவில்லை, நான் வேலை பார்த்த அந்தச் சுரங்கத்தின் பாதைதான் வந்தது.

நம் நாட்டிலும் இதற்கு விலை கொடுத்திருக்கிறோம். 1965 மே 28, தன்பாத் பக்கத்தில் தோரி சுரங்கம், 268 பேர். ஆபர் பள்ளத்தாக்கைப் பற்றித் தமிழில் இவ்வளவு எழுதுகிறேன், தோரியைப் பற்றி யாராவது ஒரு நல்ல கட்டுரை தமிழில் எழுதினால் நன்றாக இருக்கும்.

14 அக்டோபர், இரவு

"தண்டனை என்ன கிடைத்தது?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

விசாரணையைச் சுரங்கத் தலைமை ஆய்வாளர் ரெட்மெய்ன் நடத்தினார், முதலாளிகள் பக்கம் இவான் வில்லியம்ஸ், தொழிலாளர் பக்கம் ராபர்ட் ஸ்மைலி. 1914 ஜனவரியில் கார்டிஃபில் உட்கார்ந்தார்கள். இறப்பு விசாரணையின் ஜூரி தற்செயல் மரணம் என்று சொல்லிவிட்டது. அப்புறம் கார்ஃபிலி கோர்ட்டில் ஷா மேல் 17 குற்றச்சாட்டு, கம்பெனி மேல் 4. ஷாவுக்குக் கிடைத்தது மொத்தம் 24 பவுண்டு அபராதம், காற்றுப் பதிவேடுகளை ஒழுங்காக வைக்கவில்லை, விளக்குப் பூட்டும் சாதனத்தை மாற்றவில்லை என்று. கம்பெனிக்குக் காற்றைத் திருப்பும் வசதி இல்லாததற்காக 10 பவுண்டும் கோர்ட் செலவும்.

ஷாவின் 24 பவுண்டை அன்றைய பென்னிக் கணக்கில் போட்டால் 5,760 பென்னி. 440-ஆல் வகுத்தால் ஆளுக்கு 13 பென்னி. ஒரு ஷில்லிங் ஒரு பென்னி சொச்சம். அந்தக் கணக்கை அன்றைக்கே ஒரு பத்திரிகை போட்டுத் தலைப்பாகவே அச்சிட்டது.

16 அக்டோபர்

ஷாவை நான் அரக்கன் மாதிரிக் காட்டுவதாக ஒருவருக்குக் கோபம். இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் கோழை இல்லை. வெடித்த சில நிமிஷத்தில், புகை வந்துகொண்டிருக்கும் குழியில் தொட்டியில் ஏறி இறங்குவது லேசான காரியம் இல்லை. நான் அனுபவத்தில் சொல்கிறேன், அந்தத் தைரியம் எனக்கு இருந்திருக்குமா என்று சத்தியம் செய்ய மாட்டேன். அவர் இறங்கியதால் கிழக்குப் பக்கத்து ஆட்கள் நிலைமை உடனே தெரிந்தது.

ஆனால் கீழே ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றிவிட்டு ஒன்பதரை மணி வாக்கில் மேலே வந்த பிறகுதான் வெளி மீட்புப் படைகளைக் கூப்பிடும் ஏற்பாடு நடந்தது. மேலே இருந்தவர்கள் யாரும் அதுவரை கூப்பிடவில்லை, ஏனென்றால் எல்லாம் அவர் ஒருவர் வாயிலிருந்து வர வேண்டும். 1901-ல் ஒருமுறை எரிந்த சுரங்கம், 1910-ல் பாறை சரிந்து வாயு கொட்டி எல்லாரையும் வெளியே எடுத்த சுரங்கம், அங்கே வெடித்தால் யார் யாரைக் கூப்பிடுவது, தண்ணீர் எங்கிருந்து வரும் என்று முன்கூட்டி ஒரு திட்டமும் இல்லை. ரெட்மெய்னும் தண்ணீர் விஷயத்தைக் கடுமையாகவே கேட்டார். தைரியமான மனிதர்தான். திட்டமில்லாத மேனேஜர். இரண்டும் ஒரே ஆள். எனக்குத் தெரிந்த மேனேஜர்களில் பாதிப் பேர் இந்த வகை. விபத்து நடந்தால் உயிரைக் கொடுப்பார்கள், விபத்துக்கு முந்தின நாள் ஒரு மூட்டைக் கல்பொடிக்குக் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

கம்பெனி அவர் தலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். விசிறிக்குப் பணம் கொடுக்க வேண்டியது ஷாவின் சட்டைப்பையிலிருந்து இல்லை.

17 அக்டோபர்

சிலர் கேட்டதற்குச் சின்னப் பதில்கள். சுரங்கம் உடனே மூடப்படவில்லை, 1928 வரை கரி எடுத்தார்கள். 1981-ல் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள். நூறாவது வருஷம், 2013 அக்டோபர் 14 அன்று, சுரங்கம் இருந்த இடத்தில் வேல்ஸ் நாட்டுக்கே பொதுவான சுரங்க நினைவிடம் திறந்தார்கள். மீட்பவர் ஒருவர் தப்பி வந்தவரைத் தாங்கிப் பிடித்திருக்கும் வெண்கலச் சிலை அங்கே இருக்கிறது.

19 அக்டோபர்

முதலில் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார், சந்தோஷம். "சரி, அன்றைக்குத் தெரிந்திருந்தது, ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகாவது திருந்தினார்களா?"

திருந்திய இடமும் உண்டு. கல்பொடி 1920-களில் பிரிட்டனில் சட்டமானது. சிக்னல் மணிகளைப் பாதுகாப்பாகச் செய்யும் ஆராய்ச்சி செங்ஹெனித்துக்குப் பிறகுதான் வேகம் பிடித்தது, ஆர். வி. வீலர் என்ற வேதியியலாளர் அந்தச் சின்னப் பொறி போதும் என்று சோதித்துக் காட்டினார். இன்றைக்கு உலகத்தில் எந்த ஆலையிலும் வெடிக்கும் வாயு இருக்கும் இடத்தில் வைக்கிற மின்சாதனத்துக்கு ஒரு தரச் சான்று கேட்கிறார்களே, அதன் ஆணிவேர் அங்கே இருக்கிறது.

புத்தகம் எழுதுகிற விஷயம் மட்டும் திருந்தவில்லை. 1934 செப்டம்பர் 22, வடக்கு வேல்ஸ், கிரெஸ்ஃபோர்ட் சுரங்கம். 266 பேர். விசாரணையில் என்ன வெளியே வந்தது தெரியுமா? காற்றோட்ட அளவுகளை அளக்காமலேயே கற்பனையாக எழுதி வைத்திருந்தார்கள், மேனேஜர் சொல்லித்தான் எழுதினேன் என்று எழுதியவர் ஒத்துக்கொண்டார். 14-ஆம் தேதி நான் எழுதிய மதிய நேரத்து இரவு ஷிப்ட் ஞாபகம் இருக்கிறதா?

2010 நவம்பர் 19, நியூசிலாந்து, பைக் ரிவர். 29 பேர். வெடிப்பதற்கு முந்தின 48 நாளில் மீத்தேன் வெடிக்கும் அளவை எட்டியதாக 21 அறிக்கை, அதைவிடக் கொஞ்சம் குறைவான ஆனால் ஆபத்தான அளவென்று 27 அறிக்கை. அரச ஆணையம் எண்ணிச் சொன்ன கணக்கு இது. தொழிலாளிகள் ஒழுங்காக எழுதியிருந்தார்கள், மேலே இருந்தவர்கள் அதற்கு ஒன்றும் செய்யவில்லை. அந்தச் சுரங்கத்தின் பிரதான விசிறியைப் பூமிக்கு அடியிலேயே வைத்திருந்தார்கள், வாயுச் சுரங்கத்தில்! முதல் வெடிப்பிலேயே விசிறி போனது.

21 அக்டோபர்

கேம்பஸில் தேர்வாகி அடுத்த மாதம் ஒரு நிலத்தடிச் சுரங்கத்தில் சேரப்போகும் பையன் ஒருவன் தனியாக எழுதியிருந்தான், பயமாக இருக்கிறது, என்ன படித்துவிட்டுப் போக வேண்டும் என்று. பொதுவில் சொல்கிறேன் தம்பி, மற்றவர்களுக்கும் ஆகும்.

படித்ததெல்லாம் போதும். சேர்ந்ததும் முதல் வாரத்தில் வயதான சர்தார் ஒருவரைப் பிடித்து அவர் கூடவே நட, கெட்ட காற்று வெளியேறும் ரிட்டர்ன் பாதையின் கடைசி வரைக்கும் நட, அங்கேதான் யாரும் போக மாட்டார்கள். கூரையைத் தாங்கும் சட்டத்தின் மேல் விரலை வைத்து இழுத்துப் பார், விரலில் வருவது வெள்ளையா கறுப்பா என்று பார். ரிப்போர்ட் புத்தகத்தில் ஒரு மாதப் பக்கங்களைப் புரட்டு, எல்லா ஷிப்டிலும் ஒரே எண் இருந்தால் அந்த எண்ணை நம்பாதே. நீ அளக்காததை நீ எழுதாதே, யார் சொன்னாலும் சரி. எழுதச் சொன்னால் எழுத்தில் கொடுங்கள் என்று கேள், பெரும்பாலும் அத்தோடு விட்டுவிடுவார்கள். அப்புறம் விசிறி அறைக்குப் போ. அங்கே இருக்கும் ஆபரேட்டரிடம், காற்றைக் கடைசியாக எப்போது திருப்பி ஓட்டிப் பார்த்தீர்கள், எத்தனை நிமிஷம் ஆனது என்று கேள். அவர் தேதி சொன்னால் நல்ல சுரங்கம். "அதெல்லாம் மேனேஜரைக் கேளு" என்றால், மேனேஜரைப் போய்க் கேள்.